எந்த இடம், எந்தத் தேதி

“இப்பதான் ஃபுல் பாடி செக்அப் எடுத்தேன், எல்லாம் நார்மல்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்த ரிப்போர்ட்டை ஒரு தடவை பிரித்துப் பார்ப்பது நல்லது. சர்க்கரை இருக்கும், கொழுப்பு இருக்கும், தைராய்டு இருக்கும், கேட்காமலேயே வைட்டமின் டி-யும் இருக்கும். எச்.ஐ.வி. இருக்காது. சிபிலிஸ் இருக்காது. தொண்டையையும் ஆசனவாயையும் யாரும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆண்களோடு உறவுகொள்ளும் ஓர் ஆணுக்குத் தொற்று எங்கே வந்து உட்காருமோ, அந்த இடங்களை மட்டும் விட்டுவிட்டு மிச்ச உடம்பையெல்லாம் அந்தப் பேக்கேஜ் அலசியிருக்கும்.

பால்வினைத் தொற்றுக்கான எந்த டெஸ்டும், சாம்பிள் எடுத்த இடத்தைப் பற்றியும் எடுத்த தேதிக்குச் சில வாரம் முந்தைய நிலவரத்தைப் பற்றியும்தான் பேசும். இந்த இரண்டையும் சரியாக அமைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். சென்னீர்குப்பத்தில் நாலு பேரோடு ஒரு ரூமில் தங்கி, விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். அப்பா அம்மாவோடு சொந்த வீட்டில் இருப்பவருக்கும், கல்யாணமாகிக் குழந்தை இருப்பவருக்கும் இதுவே பொருந்தும். நீங்கள் உங்களைக் கே என்கிறீர்களா, பைசெக்சுவல் என்கிறீர்களா, ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் எப்போதாவது போய்வருகிறீர்களா என்பது கிருமிக்குத் தெரியாது. நானும் கேட்கப்போவதில்லை.

இந்த அக்கறை எதற்கு என்றால் ஒரு கணக்கு: தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ 2017-இல் நடத்திய கண்காணிப்பில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 2.69 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதே ஆண்டு, நாட்டில் வயதுவந்தோர் எல்லோரையும் சேர்த்த மதிப்பீடு 0.22 சதவீதம். கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. இதில் ஒழுக்கக் கணக்கு எதுவும் இல்லை. ஆசனவாயின் உட்சவ்வு மெல்லியது, கிருமி சுலபமாக உள்ளே போகும். அதோடு, கேள்வி கேட்பார்கள் என்று பயந்து டெஸ்டுக்குப் போகாமல் இருப்பதால் தொற்று தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் கூட இருக்கும்.

என்னென்ன கேட்டு வாங்குவது

ரத்தத்தில் பார்க்க வேண்டியவை: எச்.ஐ.வி., சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. இவை நாலும் ஒரே ஊசிக் குத்தில் முடிந்துவிடும்.

கொனோரியாவும் கிளமிடியாவும் ரத்தத்தில் தெரியாது. நம் பக்கம் மேகவெட்டை, வெட்டை நோய் என்று சொல்வது பெரும்பாலும் கொனோரியாவைத்தான். இந்த இரண்டுக்கும் பி.சி.ஆர். அல்லது நாட் என்ற டெஸ்ட் வேண்டும், அதற்கு மூன்று இடத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும்: சிறுநீர், தொண்டை, ஆசனவாய். எந்த இடத்தால் உறவு வைத்தீர்களோ அந்த இடம் எல்லாம். ஆணுறுப்பில் கொனோரியா வந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழும் எரிச்சலும் வந்து ஆளை ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிடும். அதே கொனோரியா தொண்டையிலோ பின்பக்கமோ வந்தால் பெரும்பாலும் எந்த அடையாளமும் இருக்காது. ஆகவே, பாட்டமாக, அதாவது பின்பக்கம் வாங்கிக்கொள்பவராக மட்டும் இருக்கும் ஒருவர் சிறுநீரை மட்டும் கொடுத்து ‘நெகட்டிவ்’ வாங்கி வந்தால், அந்த ரிப்போர்ட் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை.

சிறுநீர் சாம்பிளில் ஒரு சிக்கல் உண்டு. லேபில் டப்பாவைக் கையில் கொடுத்து, “கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்க” என்பார்கள். யூரின் கல்ச்சருக்கு அது சரி. கொனோரியா, கிளமிடியா பி.சி.ஆருக்கு அது தப்பு. இதற்கு முதலில் வரும் சிறுநீர்தான் வேண்டும், இருபது முப்பது மில்லி போதும். ஒரு மணி நேரமாவது அடக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும், போவதற்கு முன் கழுவக் கூடாது. லேப் ஆள் வேறு மாதிரி சொன்னால், “இது பி.சி.ஆர். டெஸ்டுக்கு, ஃபர்ஸ்ட் யூரின்தானே வேணும்?” என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் உடனே தலையாட்டுவார்.

ஸ்வாப் என்பது நீண்ட பஞ்சுக்குச்சி, கோவிட் காலத்தில் எல்லோரும் மூக்கில் அனுபவித்ததுதான். தொண்டைக்கு, டான்சில் இரண்டு பக்கமும் பின்சுவரும் தேய்த்து எடுப்பார்கள். குமட்டும், அவ்வளவுதான். ஆசனவாய் ஸ்வாபை நீங்களே எடுத்துக்கொடுக்கலாம். நீங்களே எடுத்தாலும் முடிவு நம்பகமானதுதான். பாத்ரூமில் ஒரு காலை உயர்த்தி வைத்துக்கொண்டு, குச்சியை மூன்று நாலு செ.மீ. உள்ளே விட்டு, பத்து எண்ணும் வரை மெதுவாகச் சுற்றி எடுத்து, திரவம் உள்ள குழாயில் போட்டு, கோடு போட்ட இடத்தில் உடைத்து மூடிவிட வேண்டும். வாசலில் நிற்கும் லேப் பையன் முகத்தைப் பார்க்காமலேயே கொடுத்துவிட்டு வரலாம். அவருக்கும் அதுதான் சௌகரியம்.

சில டெஸ்டுகளுக்குக் காசு கொட்ட வேண்டாம். எந்தப் புண்ணும் இல்லாதவருக்கு ஹெர்ப்பிஸ் ஐ.ஜி.ஜி. என்று ரத்தத்தில் பார்ப்பதால் பயன் இல்லை. பாசிட்டிவ் என்று வந்தால் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, இனி என்ன செய்வது என்று எதுவும் சொல்லாமல் தூக்கத்தை மட்டும் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் டார்ச் பேனலை எடுத்து ‘செக்சுவல் ஹெல்த்’ என்று புதுப் பெயர் வைத்து விற்பதைப் பார்த்தால் சிரித்துவிட்டுக் கடந்து போங்கள். மருக்களை உண்டாக்கும் எச்.பி.வி.க்கு ஆண்களுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. டாக்டர் கண்ணால் பார்த்துத்தான் சொல்வார்.

தேதிக் கணக்கு

உறவு நடந்த மறுநாளே லேபுக்கு ஓடுவதால் பயன் இல்லை. கிருமி உடம்பில் நுழைந்தாலும் டெஸ்டில் அகப்பட அதற்கு நாள் பிடிக்கும். ரத்தம் எடுத்து லேபில் பார்க்கும் நாலாம் தலைமுறை எச்.ஐ.வி. டெஸ்ட், ஏறத்தாழ ஆறு வாரத்தில் பெரும்பாலும் எல்லாவற்றையும் பிடித்துவிடும். விரலில் குத்தி ஒரு துளியில் பார்க்கும் ரேபிட் டெஸ்டுக்கு மூன்று மாதம் வரை காத்திருந்தால்தான் முழு நம்பிக்கை. கொனோரியா, கிளமிடியாவுக்கு இரண்டு வாரம் போதும். சிபிலிஸ் ஆமை. புண்ணே பத்து நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். அதனால் ஆறாவது வாரம் ஒன்று, மூன்றாவது மாதம் ஒன்று என்று இரண்டு தடவை பார்ப்பது நல்லது.

ஆனால் ஒரு விஷயத்தில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. காண்டம் கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை, எதிராளியின் நிலை தெரியாது என்றால், 72 மணி நேரத்துக்குள் பெப் என்ற தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்குத் திங்கட்கிழமை லீவு கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமையே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அடிக்கடி இந்தப் பயம் வருகிறவர் முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அதைத் தொடங்கும் முன் எச்.ஐ.வி. நெகட்டிவா என்றும் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் நேராகப் போய்க் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை அது.

இப்படி எந்தப் பயமும் இல்லாத காலத்திலும் வருஷத்துக்கு ஒரு தடவை. ஆட்கள் மாறுகிறார்கள் என்றால் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை. ‘நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்’ என்று இருக்கும் ஜோடிகள், காண்டத்தை விடுவதற்கு முன் இரண்டு பேருமாகச் சேர்ந்து எடுத்துவிடுவது நல்லது.

இலவசமாக எச்.ஐ.வி. பார்த்துக்கொள்ளலாம் என்று ரத்ததான முகாமில் போய்ப் படுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த ரத்தம் இன்னொருவருக்கு ஏறுகிறது. இலவசமாகவே பார்க்கத் தனி இடம் இருக்கிறது.

எங்கே போவது

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் டெஸ்டும் நடக்கும் அறைக்கு வாசலில் ‘நம்பிக்கை மையம்’ என்று போர்டு இருக்கும். பணம் கிடையாது. அடையாளத்துக்கு ஓர் எண் கொடுப்பார்கள், ரிஜிஸ்டரில் அதைத்தான் பின்தொடர்வார்கள். சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்தில் பூந்தமல்லி அரசு மருத்துவமனை. கொஞ்சம் தள்ளி ஆவடி, அம்பத்தூர். எந்த மையம் எந்த நேரம் திறந்திருக்கும் என்று 1097-க்கு அடித்துக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம். நாக்கோவின் இலவச எண் அது, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பூந்தமல்லி வேண்டாம் என்பவர்களின் காரணம் எனக்கு நன்றாகவே புரிகிறது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர், டீக்கடையில் ஒருவர், ஆஸ்பத்திரி வரிசையில் ஹவுஸ் ஓனரின் மாமியார் என்று தெரிந்த முகம் இல்லாமல் அந்தத் தெருவைக் கடக்க முடியாது. அப்படியானால் பூந்தமல்லியில் கோயம்பேடு பஸ் ஏறி, அங்கிருந்து மெட்ரோ பிடியுங்கள். கீழ்ப்பாக்கத்தில் இறங்கினால் கே.எம்.சி., அதாவது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடைசி வரை போனால் சென்ட்ரல், எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அதாவது நம் ஜி.எச். பால்வினை நோய்க்கென்றே தனி நிலையம் அங்கே இருக்கிறது, சென்னை மருத்துவக் கல்லூரியின் கீழ். இந்த நோய்களைத் தவிர வேறெதுவும் பார்க்காத டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும் இடம். நீங்கள் சொல்லப்போவது எதுவும் அவர்களுக்குப் புதிது இல்லை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கும்போது எந்தத் துறை என்று கேட்டால் “எஸ்.டி.டி. ஓ.பி.” என்றால் போதும், அதற்கு மேல் கவுண்டரில் விளக்க வேண்டியதில்லை.

சென்னைக்கு இந்த அனுபவம் பழையது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே இங்கேதான், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது தெரியவந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அந்த நாட்களில் பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

அரசுக் கிளினிக்கில் ஒரு குறை உண்டு, முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. அங்கே பெரும்பாலும் அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுக்கும் முறை. சீழா, புண்ணா, அரையில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்து, அதற்கென்று நிறம் பிரித்து வைத்த மருந்துக் கிட்டை எடுத்துக் கொடுப்பார்கள். நோயோடு போகிறவருக்கு அது நல்ல ஏற்பாடு, அன்றைக்கே வேலை முடிந்துவிடும். ஒரு தொந்தரவும் இல்லாமல் தொண்டையில் கொனோரியாவைச் சுமந்துகொண்டிருப்பவருக்கு அது உதவாது. என் யோசனை இது: ரத்தத்தை அரசாங்கத்தில் கொடுங்கள், காசை ஸ்வாபுக்குச் செலவழியுங்கள். மூன்று இடத்து பி.சி.ஆர். எடுக்கும் தனியார் லேப் எது என்று முதலில் போனில் கேளுங்கள். தெருமுனைக் கலெக்‌ஷன் சென்டரில் ஸ்வாப் குழாயே இருக்காது, தலைமை லேபுக்குப் போக வேண்டிவரும். வீட்டுக்கு வந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் ரத்தத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தனியாரில் காசு கொடுப்பதற்கு முன் ரிப்போர்ட் எந்த நம்பருக்கு, எந்த மெயிலுக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோர் பெயரிலும் ஒரே நம்பர் லேபில் பதிவாகியிருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தபோது அண்ணன் கொடுத்த நம்பராக அது இருந்தால், உங்கள் வி.டி.ஆர்.எல். முடிவு அண்ணனுடைய வாட்ஸ்அப்புக்குத்தான் போகும். உங்கள் நம்பரைப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள்.

தனியாகப் போகக் கை நடுங்குகிறது என்றால் துணை இருக்கிறது. சுனில் மேனன் 1998-இல் தொடங்கிய சகோதரன் சென்னையில் நம்மைப் போன்ற ஆண்களுக்காகவே நடக்கும் அமைப்பு. இப்படிப்பட்ட அமைப்புகளின் களப்பணியாளர்கள் டெஸ்டுக்குக் கூடவே கூட்டிப் போவார்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் முகம் சுளிக்க மாட்டார் என்ற தகவல் அவர்களிடம்தான் கிடைக்கும்.

லாட்ஜில் ரூம் போட்டு ‘இரகசிய நோய்களுக்கு’ வைத்தியம் பார்ப்பவர்களின் போஸ்டர் பூந்தமல்லிச் சுவர்களில் குறைவில்லை. அவர்களிடம் போவதும், மெடிக்கல் ஷாப்பில் “சூடு பிடிச்சிருக்கு அண்ணே, ஏதாவது குடுங்க” என்று அசித்ரோமைசினை வாங்கிப் போடுவதும் ஒன்றுதான். சீழ் நிற்கும், கிருமி போகாது, அடுத்த தடவை அந்த மாத்திரை கேட்காது. ஒரு காலத்தில் கொனோரியாவுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசின் இப்படித்தான் உபயோகமற்றுப் போனது.

டாக்டர் முன்னால்

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: “கல்யாணம் ஆயிடுச்சா?” அடுத்தது: “வெளியில லேடீஸ் தொடர்பு உண்டா?” இரண்டுக்கும் உண்மையாகவே ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு வந்துவிட முடியும். டாக்டரும் சீட்டில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிடுவார். அந்த இடத்தில்தான் பலருடைய டெஸ்ட் வீணாகிறது. கேள்வி வரும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். இப்படிச் சொன்னால் போதும்:

“டாக்டர், எனக்கு ஆம்பளைங்களோடதான் உறவு. கடைசியா மூணு வாரம் முன்னாடி. வாய்லயும் பின்னாடியும். பின்னாடி வாங்கிக்கிறது நான்தான். காண்டம் பாதி நேரம்தான். இப்போ ஒண்ணும் தொந்தரவு இல்ல, ஆனா எல்லா இடத்துலயும் பாக்கணும்.”

வீட்டில் ஒரு தடவை கண்ணாடி முன் சொல்லிப் பழகிக்கொண்டு போனால் வாய் குழறாது. வாய்விட்டுச் சொல்ல வரவே வராது என்றால் போனில் டைப் செய்து நீட்டுங்கள், டாக்டர் படித்துக்கொள்வார். நம்பிக்கை மையத்தில் ஆலோசகரும் இதே கேள்விகளைக் கேட்பார். மேஜை மேல் மரத்தில் செய்த ஆணுறுப்பு மாதிரியும் காண்டம் பாக்கெட்டும் இருக்கும், போட்டுக் காட்டச் சொன்னாலும் சொல்வார். வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே செய்துவிடுங்கள். தப்பாகப் போட்டுப் பழகியவர்கள் எத்தனை பேர் என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

டாக்டர் அறிவுரையில் இறங்கினால்? “கல்யாணம் பண்ணிக்கோ தம்பி, எல்லாம் சரியாயிடும்” என்பது வரை காதில் வாங்காமல், “சரிங்க டாக்டர், டெஸ்ட் எழுதிக் குடுங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் காரியத்தை முடித்துவிடலாம். ‘இதை மாத்திடலாம்’ என்று சிகிச்சைக்கு இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் 377-ஆவது பிரிவின் கீழ் வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று சொல்லிவிட்டது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலின ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வதைத் தடை செய்ய உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

எச்.ஐ.வி.க்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டத்தின்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை உங்கள் ஒப்புதல் இல்லாமல் மற்றவரிடம் சொல்லக் கூடாது, வேலைக்குச் சேர எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கக் கூடாது. கம்பெனியின் வருடாந்திர மெடிக்கல் செக்அப்பில் எச்.ஐ.வி. பார்ப்பதற்கும் சம்மதம் வேண்டும். மனைவிக்கோ துணைக்கோ டாக்டர் நேராகச் சொல்வதற்குச் சட்டத்தில் குறுகிய ஒரு வழி இருக்கிறது. துணைக்குத் தொற்றும் அபாயம் பெரிது, உங்களிடம் எடுத்துச் சொல்லியும் நீங்கள் சொல்லப்போவதில்லை என்று தெரிகிறது, சொல்லப்போகிறேன் என்று உங்களுக்கு முன்கூட்டி அறிவித்தாயிற்று என்றால்தான்.

காகிதத்தைப் படிப்பது

நம்பிக்கை மையத்தில் முதல் கிட் ‘ரியாக்டிவ்’ காட்டினால் அத்தோடு முடிவு சொல்ல மாட்டார்கள். வேறு வேறு தயாரிப்பிலான மூன்று கிட்டில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ். தனியார் லேபில் ஒரே டெஸ்டில் ரியாக்டிவ் என்று காகிதம் வந்தால், இடிந்து உட்காராமல் நேராக நம்பிக்கை மையத்துக்குப் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். உறுதியானால் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம். சி.டி.4 என்ற எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருந்த காலம் 2017-ஓடு போய்விட்டது, இப்போது தெரிந்தவுடனே மருந்து. சொந்த மாவட்டத்து மையத்தில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்டு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லைச் சேர்க்காமலேயே இதைச் சொல்கிறேன்.

சிபிலிஸ் ரிப்போர்ட்தான் ஆட்களை அதிகம் குழப்புகிறது. வி.டி.ஆர்.எல். ‘ரியாக்டிவ் 1:32’ என்று வரும். அந்த 32, ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்க்க வைத்தும் டெஸ்ட் ஒத்துக்கொண்டது என்ற கணக்கு. வேறு சில நோய்களிலும் வி.டி.ஆர்.எல். பொய்யாகக் காட்டும் என்பதால் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு டெஸ்டில் உறுதி செய்வார்கள். சிகிச்சைக்குப் பிறகு 32 என்பது 8-ஆகவோ அதற்குக் கீழோ இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. மாதக்கணக்கில் ஆகும், அதனால் டாக்டர் சொன்ன தேதியில் திரும்பப் பாருங்கள். டி.பி.எச்.ஏ. மட்டும் பெரும்பாலும் ஆயுசு முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். குணமான பிறகு வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது அது வந்து நின்றால் திகைக்க வேண்டாம். சிகிச்சைச் சீட்டையும் பழைய வி.டி.ஆர்.எல். காகிதங்களையும் ஃபைல் போட்டு வைத்திருந்தால் டாக்டரிடம் காட்டி விளக்கலாம்.

ஆரம்பநிலை சிபிலிஸுக்கு மருந்து பென்சிலின் ஊசி, பென்சாதின் 24 லட்சம் யூனிட், இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக. முதலில் கையில் சிறு அளவு ஏற்றி ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருந்து கெட்டியாக இருக்கும், மெதுவாகத்தான் ஏற்ற முடியும், வலிக்கும். அன்று பைக் ஓட்டிக்கொண்டு போகாமல் பஸ்ஸில் போவது உத்தமம். இன்னொரு விஷயத்தைப் பல இடங்களில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஊசி போட்ட அன்று ராத்திரி சிலருக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் தலைவலியும் வரும். கிருமி கூட்டமாகச் சாவதால் வருவது அது, பொதுவாக ஒரு நாளில் தணிந்துவிடும், பாராசிட்டமால் போதும். ரூமில் இருப்பவர்கள் கேட்டால் வைரல் ஃபீவர் என்று சொல்லிக்கொள்ளலாம். மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் மட்டும் அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்கு.

கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் மருந்து முடிந்து ஏழு நாள் யாரோடும் உறவு கூடாது. தொண்டைக் கொனோரியா மாத்திரைக்கு அவ்வளவு சுலபமாக மசியாது. அங்கே வந்தவர்கள் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்வாப் கொடுத்துப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

கூட இருந்தவர்களுக்கு

உங்களுக்கு வந்தது யாரோ ஒருவரிடமிருந்து வந்தது, உங்களிடமிருந்து யாருக்கோ போயிருக்கலாம். ஆப்பில் பழக்கமானவருக்கு இப்படி ஒரு மெசேஜ் போதும்: “எனக்கு சிபிலிஸ் பாசிட்டிவ் வந்திருக்கு. ஊசி போட்டாச்சு. நீயும் வி.டி.ஆர்.எல். பாத்துடு, ஃப்ரீயாவே பாக்கலாம். உன்மேல கோவம் எதுவும் இல்ல.” திட்டிவிட்டு பிளாக் செய்பவர்கள் இருப்பார்கள். ஆனாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. போன் நம்பர்கூடத் தெரியாதவர்களை நினைத்து மறுகுவதில் பயன் இல்லை.

மனைவி இருப்பவர்களுக்கு இது கடினமான பகுதி. கர்ப்பமானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாப் பெண்களுக்கும் எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்ப்பதால், ‘அவளுக்கு நெகட்டிவ், அப்போ எனக்கும் இல்ல’ என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அது அவருடைய ரத்தம், அன்றைய தேதி. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து சிபிலிஸ் போனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகும். உங்களுக்குப் பாசிட்டிவ் என்றால் அவரும் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். எப்படி வந்தது என்ற முழுக் கதையையும் அன்றைக்கே சொல்லித் தீர வேண்டும் என்பதில்லை. “எனக்கு ரத்தத்துல ஒரு இன்ஃபெக்‌ஷன், உனக்கும் பாக்கணும்னு டாக்டர் சொல்றார்” என்று கூட்டிப் போகலாம். ஆனால் அடுத்த கேள்வி வரும். அதற்கான பதிலை நம்பிக்கை மையத்து ஆலோசகரோடு உட்கார்ந்து முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை காண்டம்.

நெகட்டிவ் வந்தவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் நாடு முழுவதும் சேர்ந்தது 2011-இல்தான். இப்போது இருபது முப்பது வயதில் இருப்பவர்களில் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. எச்.பி.வி. தடுப்பூசி ஆண்களுக்கும் உண்டு, விலை அதிகம். இருபத்தாறு வயதுக்குள் இருப்பவர் அவசியம் டாக்டரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது மாத வி.டி.ஆர்.எல்., ஆறாவது மாத ஊசி என்று போனில் இரண்டு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் ‘பி.எஃப். ஆபீஸ்’ என்று போட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.